அறிவியல் புனைகதை, ஃபேண்டஸி: சிறுகதைக்கு எந்த இதழ்? மும்பையில் இருந்துகொண்டு எங்கே அனுப்புவது?

டோம்பிவிலி ஃபாஸ்ட் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். ரயிலில் போகவர எழுதியே மூன்று கதைகள் சேர்ந்துவிட்டன. ஒன்று அறிவியல் புனைகதை. கடல் ஊருக்குள் வந்த பிறகு தாதரில் படகில் போய் மின்மீட்டர் பார்க்கிற ஒருவனைப் பற்றியது, நாலாயிரம் சொல் வரும். இரண்டாவது ஃபேண்டஸி, சோழநாட்டுச் சாயலில் ஒரு கற்பனை தேசம், அங்கே ஏரிகளுக்கு ஞாபகசக்தி உண்டு. இரண்டும் தமிழில். மூன்றாவது சின்னது, ஆயிரம் சொல்லுக்குள் அடங்கிவிடும், அதை மட்டும் ஆங்கிலத்தில் எழுதினேன்.

மாட்டுங்கா மார்க்கெட்டில் தொங்கும் தமிழ் இதழ்களை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டேன். இந்த மாதிரிக் கதைக்கென்று ஒரு இதழும் கண்ணில் படவில்லை. இணையத்தில் தேடினால் ஆங்கிலப் பட்டியல்கள் நூறு வருகின்றன, பாதி மூடிப்போன இதழ்கள்.

இன்னொன்று. தொகுப்பு நூல் போடுகிறவர் ஒருவர், "உங்கள் கதை தேர்வாகிவிட்டது, பத்துப் பிரதி நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும்" என்கிறார். இது வழக்கம்தானா?


முலுண்ட் முனி

கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில்: ஓடிவிடுங்கள்.


கிங்ஸ் சர்க்கிள் எலி

முனி சொன்னதுதான். உங்கள் கதையை வாங்குகிறவர் உங்களுக்குப் பணம் தரலாம், தராமலும் இருக்கலாம். உங்களிடம் கேட்கக் கூடாது. பத்துப் பிரதி, பதிவுக்கட்டணம், "எடிட்டிங் செலவு" எல்லாம் ஒரே கதைதான். அதில் வரும் புத்தகத்தை வாங்குகிறவர்கள் அதில் எழுதியவர்களும் அவர்களுடைய மாமனார்களும்தான்.

இதழ் விஷயத்துக்கு வருவோம். பட்டியலைத் தேடாதீர்கள், பட்டியல் அச்சாகும்போதே பழசாகிவிடும். சப்மிஷன் கிரைண்டர் என்று ஒரு இலவசத் தளம் இருக்கிறது, 2013-இல் வந்தது. அதுவரை இலவசமாக இருந்த, இதே வேலையைச் செய்யும் டியோட்ரோப் தளம் கட்டணம் கேட்கத் தொடங்கிய நேரம் அது. டியோட்ரோப்புக்கு இப்போது மாதம் 5 டாலர். கிரைண்டரில் கதையின் வகை, நீளம், எவ்வளவு சன்மானம் வேண்டும் என்று கொடுத்தால் இப்போது எந்த இதழ் கதவைத் திறந்து வைத்திருக்கிறது, எத்தனை நாளில் பதில் வருகிறது என்று காட்டும். நாள்கணக்கு எழுத்தாளர்களே பதிவு செய்வது, அதனால் இதழ் சொல்வதைவிட நம்பலாம்.

ஆனால் முதலில் கதைகளைப் படியுங்கள். கிளார்க்ஸ்வேர்ல்ட், லைட்ஸ்பீட், ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ், அன்கேனி, பினீத் சீஸ்லெஸ் ஸ்கைஸ் ஆகிய ஐந்தையும் இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். ஒவ்வொன்றிலும் அண்மையில் வந்த நாலு கதையைப் படித்தாலே உங்கள் கதை அங்கே போய் உட்காருமா என்று தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் கண்ணை மூடிக்கொண்டு ஐம்பது இடத்துக்கு அனுப்புகிறவர்கள்தான் "வெளிநாட்டுக்காரன் நம்மைச் சேர்க்கமாட்டான்" என்று பேசுவார்கள்.


மாட்டுங்கா மாமி

தம்பி, தமிழில் எழுதிய கதையை முதலில் தமிழில் போடுவதுதான் மரியாதை. தனி இதழ் இல்லையென்று ஏன் முடிவு கட்டினீர்கள்? "அரூ" பார்க்கவில்லையா? 2018-இல் தொடங்கிய மின்னிதழ், கனவுருப்புனைவுக்கென்றே, அதாவது நீங்கள் சொல்லும் ஃபேண்டஸிக்கென்றே, நடத்துகிறார்கள். அறிவியல் சிறுகதைப் போட்டியும் வைத்திருக்கிறார்கள். உங்கள் ஏரிக் கதைக்கு நான் முதலில் தட்டுகிற கதவு அதுதான். "சொல்வனம்" 2009-இலிருந்து வருகிறது. அறிவியல் கட்டுரைகளும் உண்டு, பிறமொழி அறிபுனைக் கதைகளின் (அறிவியல் புனைகதைதான்) மொழிபெயர்ப்புகளும் உண்டு. அந்த வாசகர்களுக்கு உங்கள் மீட்டர்காரனைப் பார்த்து மிரட்சி வராது.

எங்கள் காலத்தில் இதற்கெல்லாம் தனி இதழ் என்று யார் தேடினார்கள்? சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்துக்கொண்டே விகடனிலும் குமுதத்திலும் எழுதினார். விண்வெளியும் ரோபோவும் சமையல் குறிப்புக்குப் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. நாங்களும் படித்தோம், எங்கள் மாமியாரும் படித்தார். "கணையாழி"யே 1965-இல் டெல்லியில்தான் தொடங்கியது. ஊரைவிட்டு வெளியே இருப்பது தமிழ் இதழுக்கு ஒரு தடையே இல்லை.


முலுண்ட் முனி

மாமி, அது அந்தக் காலம். சுஜாதா பெயருக்கு ஆசிரியர்கள் பக்கம் ஒதுக்கினார்கள். இன்று வார இதழ்களில் கதைக்குக் கிடைப்பது இரண்டு பக்கம். நாலாயிரம் சொல்லை அங்கே யார் போடுவார்கள்? "கல்கி"யே 2020-இல் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போய்விட்டது. ஒரு பத்திரிகைக்கு நான் அனுப்பிய கதைக்கு ஏற்பும் இல்லை, மறுப்பும் இல்லை. தொலைபேசியில் கேட்டால் "பரிசீலனையில் இருக்கிறது சார்" என்று ஒரு குரல். இன்னும் பரிசீலிக்கிறார்கள் போலிருக்கிறது.


மாட்டுங்கா மாமி

வார இதழுக்கு நீளக் கதை போகாது, சரி. தீபாவளி மலர் இருக்கிறதே? அமுதசுரபி, கலைமகள், விகடன் மலர்களில் இடம் கொஞ்சம் தாராளம். ஆனால் ஐப்பசியில் வரும் மலருக்குப் புரட்டாசியில் கதை அனுப்பினால் அடுத்த வருஷத்துக்குத்தான். ஆடிக்குள் போய்ச் சேர வேண்டும்.


ஹார்பர் லைன்

தீபாவளி மலர் என்றதும் நம் ஊர் விஷயம் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இங்கே மராத்திக்காரர்களின் "திவாளி அங்க்" பார்த்திருப்பீர்கள். 1909-இல் "மனோரஞ்சன்" இதழ் தொடங்கி வைத்த வழக்கம். டோம்பிவிலி, தாணே பக்கம் வாடகை நூலகங்களில் அக்டோபர் வந்தால் வாசலில் பலகை வைத்துவிடுவார்கள்: ஒரு தொகை கட்டினால் அந்த வருஷத்து மலர்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் போய்ப் படிக்கலாம். அவற்றில் விஞ்ஞானக் கதைக்கு எப்போதும் இடம் உண்டு.

அதற்கு ஒரு காரணம் மராட்டி விஞ்ஞான பரிஷத். 1966-இல் ஆரம்பித்தது, அலுவலகம் நம் சயான் – சுனாபட்டிப் பக்கம்தான். அவர்கள் நடத்திய அறிவியல் கதைப் போட்டிக்கு 1974-இல் ஜயந்த் நார்லிகர் ஒரு கதை அனுப்பினார். அப்போது அவர் கொலாபாவில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் பேராசிரியர், உலகம் அறிந்த வானியலாளர். பெயரைப் பார்த்துப் பரிசு கொடுத்துவிடக் கூடாதென்று முதலெழுத்துகளைத் திருப்பிப் போட்டு "நாராயண் விநாயக் ஜக்தாப்" என்று புனைபெயரில் அனுப்பினார். கருந்துளை பற்றிய கதை. பரிசும் கிடைத்தது. மராத்தி அறிவியல் புனைகதையில் அதன் பிறகு வந்த ஒரு தலைமுறையே அந்தப் போட்டியைக் காட்டிப் பேசும்.

முனி சாருக்காக இதைச் சொல்கிறேன். நார்லிகரே பெயரை மறைத்துக்கொண்டு போட்டிக்கு அனுப்பினார், நமக்கு என்ன?

டோம்பிவிலி ஃபாஸ்ட், உங்கள் சின்ன ஆங்கிலக் கதைக்கு ஒரு யோசனை. "நேச்சர்" அறிவியல் இதழில் "ஃப்யூச்சர்ஸ்" என்று ஒரு பகுதி, 1999-இல் தொடங்கியது. 850-இலிருந்து 950 சொல்லுக்குள் ஒரு எதிர்காலக் கதை. ஆராய்ச்சிக்காரர்கள் நிறையப் பேர் எழுதுகிறார்கள், ஆனால் விஞ்ஞானியாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கதையில் விஞ்ஞானம் கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.


டோம்பிவிலி ஃபாஸ்ட்

ஹார்பர் லைன் சார், அந்தப் பலகையை ஸ்டேஷன் ரோட்டில் வருஷா வருஷம் பார்த்துக்கொண்டே போகிறேன், என்னவென்று கேட்டதில்லை. நன்றி.

எலி சார், அந்த ஐந்து இதழையும் கொஞ்சம் பிரித்துச் சொல்ல முடியுமா? எதற்கு எது?


கிங்ஸ் சர்க்கிள் எலி

சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

கிளார்க்ஸ்வேர்ல்ட் 2006-இல் தொடங்கியது. 1,000 சொல்லிலிருந்து 22,000 வரை எடுப்பார்கள், சொல்லுக்கு 14 சென்ட். அமெரிக்காவின் அறிபுனை எழுத்தாளர் சங்கம் தொழில்முறைச் சன்மானம் என்று வைத்திருக்கும் கீழ்க்கோடு 8 சென்ட் என்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மீட்டர்காரன் நாலாயிரம் சொல் என்றால் 560 டாலர். பதில் வேகமாக வரும், அநேகமாக "வேண்டாம்" என்று. அதற்குத் தயாராக இருங்கள். உலகம் முழுக்க இருந்து கதை கொட்டுகிற இடம்.

அவர்களுடைய விதிமுறைப் பக்கத்தில் "இதையெல்லாம் எங்களிடம் விற்பது கஷ்டம்" என்று ஒரு பகுதி இருக்கும். பேசும் பூனை, பேசும் வாள், வயல்வெளியில் விளையாடும் பிள்ளைகள் எதையோ கண்டெடுப்பது என்று போகும். ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸிலும் "நாங்கள் அடிக்கடி பார்த்துவிட்ட கதைகள்" என்று ஒரு நீண்ட பட்டியல் உண்டு. இந்த இரண்டையும் படித்தால் எழுத்துப் பயிற்சி வகுப்புக்குக் கட்டுகிற காசு மிச்சம். நான் எழுதி வைத்திருந்த கதைகளில் எத்தனை அந்தப் பட்டியலில் இருந்தன என்று கேட்காதீர்கள்.

ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ் 2000-இலிருந்து வார இதழாக வருகிறது, சம்பளமில்லாத தொண்டர்கள் நடத்துகிறார்கள், ஆனால் எழுத்தாளருக்குக் காசு தருகிறார்கள். விண்கலச் சண்டையைவிட மொழிநடையும் மனிதர்களும் முக்கியம் என்கிற இதழ். வருஷம் முழுக்க வாசல் திறந்திருக்காது, அறிவிப்பைப் பார்த்து அனுப்ப வேண்டும்.

பினீத் சீஸ்லெஸ் ஸ்கைஸ் 2008-இல் வந்தது. முழுக்க வேறொரு உலகில் நடக்கிற ஃபேண்டஸிதான் அவர்களுக்கு வேண்டும். விண்வெளிக் கதைக்கு அது இடமில்லை. உங்கள் ஏரி தேசம் ஆங்கிலத்தில் இருந்தால் நேரே இங்கேதான். கதையில் தஞ்சாவூரும் ராஜராஜனும் பெயரோடு வருகிறார்களா, வெறும் சாயல்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாயல் என்றால் பொருத்தம்.

பழைய பெரிய மூன்று: அனலாக் (1930), ஃபேண்டஸி அண்ட் சயின்ஸ் ஃபிக்ஷன் (1949), அசிமோவ்ஸ் (1977). நம் கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடைகளில் இவற்றின் பழைய பிரதிகள் சிக்கும். உள்ளங்கை அளவு, பழுப்புத் தாள், அட்டை ஓரம் எலி கடித்திருக்கும் (நான் இல்லை). ஒன்றில் ஆசிரியருக்கு வந்த கடிதங்கள் பகுதியில், ஒரு கதையின் சுற்றுப்பாதைக் கணக்கு தப்பு என்று ஒருவர் பென்சிலால் ஓரத்தில் திரும்பப் போட்டுப் பார்த்திருந்தார். யாரோ ஒரு ஐஐடி பையனாக இருக்கும். அனலாக் வாசகர் எப்படிப்பட்டவர் என்று அந்தப் பென்சில் கணக்கே சொல்லிவிடும். கணக்கு வராத கதையை அங்கே அனுப்பவேண்டாம். மூன்று இதழும் 2025-இல் புது நிறுவனத்தின் கைக்கு மாறின. அந்தச் சமயத்தில் ஒப்பந்தத்தின் சில விதிகளைப் பற்றி எழுத்தாளர்கள் வெளிப்படையாகவே கேள்வி கேட்டார்கள். அதனால் கதை ஏற்கப்பட்டால் மகிழ்ச்சியில் கையெழுத்துப் போடாமல் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். இது எந்த இதழுக்கும் பொருந்தும்.


சயான் சந்து

ப்ரோ, இவ்வளவு யோசிக்கணுமா? தமிழ்க் கதையை ஏஐயில் போட்டால் ஒரு நிமிஷத்தில் ஆங்கிலம். அஞ்சு இதழுக்கும் ஒரே நேரத்தில் தட்டிவிட வேண்டியதுதானே?


கிங்ஸ் சர்க்கிள் எலி

தம்பி, இரண்டிலும் மாட்டுவாய்.

2023 பிப்ரவரியில் கிளார்க்ஸ்வேர்ல்ட் கதை வாங்குவதையே நிறுத்தியது. ஏஐ எழுதிய கதைகள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்ததுதான் காரணம். அடுத்த மாதம்தான் மறுபடி திறந்தார்கள். ஏஐ எழுதியது, ஏஐ உதவியோடு எழுதியது, ஏஐ மொழிபெயர்த்தது எதுவும் வேண்டாம் என்று விதிமுறையிலேயே இருக்கிறது. பிடிபட்டால் உன் பெயரைத் தடுத்துவிடுவார்கள். அந்தக் கதை மட்டும் போகாது, இனி நீ கையால் எழுதப்போகும் கதையும் போகும்.

ஐந்து இதழுக்கு ஒரே நேரத்தில் என்பதும் அப்படித்தான். பல இதழ்கள் ஒரே கதையை இன்னொரு இடத்தில் கொடுத்துவைத்திருந்தால் ஏற்கமாட்டார்கள். கிளார்க்ஸ்வேர்ல்ட் அந்த ரகம். ஒரு இடத்தில் பதில் வந்த பிறகு அடுத்தது. அதனால்தான் பதில் வரும் நாள்கணக்கு முக்கியம். வேகமாகப் பதில் சொல்கிற, அதிகம் சன்மானம் தருகிற இதழில் ஆரம்பித்துக் கீழே இறங்கு. "நமக்கெல்லாம் அங்கே கிடைக்குமா" என்று கீழேயிருந்து ஆரம்பிக்காதே. மறுக்க வேண்டியது அவர்கள் வேலை, அதை நாம் எதற்கு இழுத்துப்போட்டுச் செய்ய வேண்டும்?


மாட்டுங்கா மாமி

அப்படியானால் தமிழ்க் கதையைத் தமிழில் போட்டுவிட்டால் ஆங்கிலத்துக்கு வழி அடைபட்டுவிடுமா? என்னால் பாவம் அந்தப் பிள்ளை மாட்டிக்கொள்ளக் கூடாது.


கிங்ஸ் சர்க்கிள் எலி

நல்ல கேள்வி மாமி. இந்த இழையில் உண்மையிலேயே பார்க்க வேண்டியது இதுதான்.

ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸின் சகோதர இதழ் "சமோவார்", 2017-இல் தொடங்கியது. மொழிபெயர்ப்பு அறிபுனைக்கும் ஃபேண்டஸிக்கும் மட்டுமே. மூலமொழிக் கதையையும் ஆங்கிலத்தையும் சேர்த்தே வெளியிடுவார்கள். எழுதியவருக்கும் மொழிபெயர்த்தவருக்கும் இரண்டு பேருக்கும் சன்மானம் உண்டு. தமிழில் முன்பே வெளிவந்திருந்தால் பரவாயில்லை, ஆங்கில மொழிபெயர்ப்புதான் புதிதாக இருக்க வேண்டும். ஆக "அரூ"வில் வந்த கதை ஆங்கிலத்தில் இன்னொரு பிறவி எடுக்கலாம். மற்ற இதழ்களில் மொழிபெயர்ப்பை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை அவரவர் விதிமுறையில் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒரே மாதிரி இருக்காது.

கிளார்க்ஸ்வேர்ல்டில் சீனக் கதைகள் வரிசையாக வருவதற்குக் காரணம் 2015-இல் அதற்கென்று ஒரு மொழிபெயர்ப்பு ஏற்பாடு செய்ததுதான். அந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு இணையாக நம்மிடம் ஆள் இல்லையா? இருக்கிறார்கள். மும்பையிலேயே தமிழும் ஆங்கிலமும் சரளமாக எழுதுகிறவர்கள் எத்தனை பேர், சயான், செம்பூர், முலுண்ட் என்று. அவர்கள் எல்லாரும் இலக்கியக் கதைகளைத்தான் மொழிபெயர்க்கிறார்கள், மீட்டர்காரன் கதையை யாரும் தொடுவதில்லை. என் வருத்தம் அதுதான். தமிழில் எழுதுகிறவர் தமிழிலேயே எழுதட்டும், பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடிக்கட்டும். கதை ஆங்கிலத்துக்குப் போக வேண்டுமென்று எழுதுகிறவர் தன் ஆங்கிலத்தை இழுத்து நீட்டி எழுதவேண்டாம்.

அடைபடுவது வேறு இடத்தில். முகநூலில் எல்லாரும் பார்க்கும்படி போட்டாலோ, சொந்த வலைப்பதிவிலோ, யார் வேண்டுமானாலும் கதை ஏற்றக்கூடிய பிரதிலிபி தளத்திலோ ஏற்றினாலோ, பெரும்பாலான இதழ்கள் கணக்கில் அது "வெளிவந்துவிட்ட கதை". அவர்கள் வாங்குவது முதன்முதலில் வெளியிடும் உரிமையைத்தான். தமிழ் மின்னிதழ்களும் "வேறெங்கும் வெளிவராத கதை" என்றே கேட்கிறார்கள். பிரதிலிபியில் எழுதி வாசகர் சேர்ப்பது ஒரு வழி, இதழுக்கு அனுப்புவது இன்னொரு வழி. ஒரே கதையை இரண்டு வழியிலும் ஓட்ட முடியாது.


டோம்பிவிலி ஃபாஸ்ட்

ஏரிக் கதையை மாட்டுங்காவில் ஒரு வாசகர் வட்டத்தில் படித்துக் காட்டினேன். ஒரு வாட்ஸப் குழுவிலும் நாலைந்து நண்பர்களுக்குக் கருத்துக் கேட்டு அனுப்பினேன். அதுவும் வெளியீடா?


கிங்ஸ் சர்க்கிள் எலி

இல்லை. படித்துக் காட்டியதும், நண்பர்களிடம் கருத்துக்குக் கொடுத்ததும் வெளியீடு ஆகாது. எவர் வேண்டுமானாலும் தேடிப் படிக்கும்படி இருந்தால்தான் சிக்கல். ஆனால் அந்த நாலைந்து பேரிடம் "ஃபார்வேர்டு செய்யாதீர்கள்" என்று இன்றைக்கே சொல்லிவையுங்கள். நம் ஆட்களைத் தெரியும்.


முலுண்ட் முனி

எல்லாம் சரி, தமிழில் சன்மானம் யார் தருகிறார்கள்? சிற்றிதழ், மின்னிதழ் பெரும்பாலும் "உங்கள் கதை வந்திருக்கிறது, பகிருங்கள்" என்று ஒரு சுட்டி அனுப்புவதோடு சரி. வங்காளத்தில் 1963-லேயே "ஆஷ்சர்ஜோ" என்று அறிவியல் புனைகதைக்குத் தனி மாத இதழ் வந்தது. இப்போதும் இணையத்தில் "கல்பபிஸ்வ" நடத்துகிறார்கள். நம் ஆட்கள் ரஜினி ரோபோவைப் பார்த்துவிட்டு விசில் அடித்துவிட்டு வருவோம்.


ஹார்பர் லைன்

முனி சார், அந்த ஆஷ்சர்ஜோவையும் யாரோ கைக்காசு போட்டுத்தானே நடத்தியிருப்பார்கள். வெளிநாட்டு இதழ்களுக்கும் பாடு குறைவில்லை. 2023-இல் அமேசான் கிண்டிலில் இதழ்ச் சந்தா விற்பதை நிறுத்தியதும் பலருடைய வருமானம் ஒரேயடியாக விழுந்தது. இலவசமாகப் படிக்கிறோம் என்றால் சந்தா கட்டுகிற வேறு யாரோ இருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் ஒன்றுக்குக் கட்டுகிறேன். தமிழ் மின்னிதழ்களும் நன்கொடை கேட்டால் வாட்ஸப்பில் புலம்புகிற நேரத்தில் கொஞ்சம் அனுப்பலாம்.


சயான் சந்து

எலி அண்ணா, கதையை எப்படி டைப் அடித்து அனுப்பணும்? கவர் லெட்டரில் என்ன எழுதணும்? அதையும் சொல்லிவிடுங்கள். ஏஐ எல்லாம் வேண்டாம், நானே எழுதுகிறேன்.


கிங்ஸ் சர்க்கிள் எலி

வில்லியம் ஷன் என்பவர் இணையத்தில் போட்டு வைத்திருக்கும் கைப்பிரதி மாதிரி ஒன்று இருக்கிறது, பெரும்பாலான ஆங்கில இதழ்கள் அதையே கேட்கும். வரிக்கு வரி இடைவெளி, சாதாரண எழுத்துரு, முதல் பக்கத்தில் பெயர், முகவரி, சொல் எண்ணிக்கை. படம், அலங்காரம் எதுவும் வேண்டாம். பெயரே இல்லாமல் அனுப்பச் சொல்கிற இதழ்களும் உண்டு, அங்கே பெயரை மறந்தும் வைக்காதே. தமிழ் இதழ்களுக்கு யூனிகோடில் சாதாரண வேர்டு கோப்பு போதும், பிடிஎஃப் அனுப்பினால் ஆசிரியர் திட்டுவார்.

கவர் லெட்டர் நாலு வரி. கதையின் பெயர், எத்தனை சொல், முன்பு எங்காவது வந்திருந்தால் ஒரு வரி, நன்றி. கதைச் சுருக்கம் எழுதாதே, "சிறுவயதிலிருந்தே எழுத்தார்வம்" எழுதாதே. மொழிபெயர்ப்பு என்றால் மூல ஆசிரியரின் அனுமதி இருக்கிறது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.


டோம்பிவிலி ஃபாஸ்ட்

அப்போது என் திட்டம் இது. ஏரிக் கதை "அரூ"வுக்கு. சின்ன ஆங்கிலக் கதையைக் கொஞ்சம் இறுக்கிவிட்டு நேச்சருக்கு. மீட்டர்காரனை மாமி சொன்னபடி ஆடிக்குள் ஒரு மலருக்கு முயற்சி செய்கிறேன். அங்கே நீளம் ஒத்துவரவில்லை என்றால் சொல்வனம். அது வெளிவந்த பிறகு சமோவாருக்கு மொழிபெயர்க்க இங்கே யாராவது கிடைப்பார்களா? சன்மானம் வந்தால் அவர் பங்கு அவருக்கு, வராவிட்டால் மாட்டுங்காவில் ஃபில்டர் காபி.


மாட்டுங்கா மாமி

என் மருமகள் மொழிபெயர்ப்பாள், நன்றாகவே செய்வாள். ஆனால் காபிக்கெல்லாம் வரமாட்டாள், வீட்டிலேயே போட்டுத் தருகிறேன் என்பாள். கதை வெளிவரட்டும், தனிச் செய்தி அனுப்புங்கள்.


முலுண்ட் முனி

டாலர் வந்தால் எப்படி வாங்குவது என்று யாரும் சொல்லவில்லையே?


ஹார்பர் லைன்

பெரும்பாலும் பேபால் வழியாகத்தான் வரும். பான் எண்ணையும் வங்கிக் கணக்கையும் முன்பே இணைத்து, எதற்காக வருகிற பணம் என்ற குறியீட்டையும் தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். இல்லையென்றால் பணம் நடுவழியில் நிற்கும். வருமான வரிக் கணக்கில் காட்டவும் வேண்டும். முனி சார், உங்களிடமும் கதை இருக்கிறதுபோல் தெரிகிறதே?


முலுண்ட் முனி

பரிசீலனையில் இருக்கிறது சார்.